மூலை மடங்கிய ரிசீவர்: முகப்புத் தகட்டைக் கழற்றி நிமிர்த்தும் முறை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் நின்றது. செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே 1970களில் வந்த பயனியர் ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கும் ஸ்டீரியோ செட். இணையத்தில் வாங்கியது, கூரியரில் வந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. திறந்து பார்த்தால், முகப்புத் தகட்டின் வலது கீழ் மூலை, நோட்டுப் புத்தகத்துக்குக் காது மடங்குமே, அதுபோல உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"அண்ணே, சுத்தியல் இருக்கா? பின்னாலேர்ந்து ரெண்டு தட்டு தட்டினா நிமிர்ந்துடும்ல?"

"தட்டவே கூடாது தம்பி. அமுக்கணும். அதுவும் இன்னிக்கு இல்ல. முதல்ல கழட்டணும்."

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு குழல் விளக்கு இருக்கின்றன. அதைத்தான் ஊரில் பட்டறை என்கிறார்கள். பழைய ஸ்டீரியோ வாங்கும் ஆசை இப்போது இளைஞர்களிடம் திரும்ப வந்திருப்பதால், இந்த மடங்கிய மூலை எனக்குப் பழகிப்போன நோய். பல செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். கீழே விழும்போது கனமான பக்கத்து மூலைதான் முதலில் தரையைத் தொடும். 1978இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சுமார் 35 கிலோ. அது முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தால் போதும். நடுத்தரமான செட்டே 10 கிலோவுக்கு மேல் இருக்கும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நிமிர்த்துவது அரை மணி நேர வேலை. கழற்றுவதும், எங்கே மடங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதும்தான் ஒரு நாளைத் தின்னும். அந்த ஒரு நாளைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் தகட்டைக் கெடுக்கிறார்கள்.

முதலில் மின்சாரம்

முகப்பைத்தானே கழற்றுகிறோம், என்ன ஆபத்து என்று நினைக்காதீர்கள். பவர் சுவிட்ச் முகப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது, பல செட்டுகளில் 240 வோல்ட் நேராக அங்கே வருகிறது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். உள்ளே பெரிய டப்பா மாதிரி இரண்டு கெபாசிட்டர்கள் நிற்கும், மின்சாரத்தைச் சேர்த்துவைப்பவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் 30, 50 வோல்ட் தங்கியிருக்கலாம். சில பேர் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க இறக்குவார்கள். அந்த வீரம் வேண்டாம். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட வயர்களில் கட்டி, ஒவ்வொரு கெபாசிட்டரின் இரண்டு முனைகளிலும் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையோடு எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எந்தக் குமிழ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பது மாலைக்குள் மறந்துபோகும்.

குமிழ்கள்

மரப்பெட்டியைக் கழற்றுவது சுலபம். பக்கவாட்டிலோ அடியிலோ சில திருகுகள் இருக்கும், சிலவற்றில் ரப்பர் கால்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அந்தத் திருகுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பார்த்தால் சாதாரண பிலிப்ஸ் தலை மாதிரி இருக்கும். ஆனால் ஜப்பான் செட்டுகளில் இருப்பது ஜேஐஎஸ் என்ற அவர்களுடைய அளவு. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில வெள்ளிதான்.

குமிழ்களுக்கு வருவோம். இழுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குமிழின் இடுப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னத் துளை தெரிந்தால் உள்ளே ஒரு குட்டித் திருகு இருக்கிறது. பெரும்பாலும் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் அலென் கீ, சிலவற்றில் சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவர். அதைத் தளர்த்தாமல் இழுத்தால் வால்யூம் கண்ட்ரோலே பிய்ந்து வரும். துளை இல்லையென்றால் அது இழுத்து எடுக்கும் குமிழ்.

வராத குமிழை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். நெம்புவது குமிழை என்று நினைப்போம், தழும்பு விழுவது தகட்டில். நான் செய்வது இதுதான்: பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு விரல் அகல நாடா கிழித்து, குமிழுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள சந்தில் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நேராக என் நெஞ்சை நோக்கி இழுப்பேன். சாய்த்து இழுக்கக் கூடாது. மடங்கிய மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழை எப்போதும் கடைசிக்கு விடுங்கள். தகடு மடங்கியதால் அதன் தண்டும் இறுகிப்போயிருக்கும். மற்றவை வந்த பிறகு அதன் நிலை நன்றாகத் தெரியும்.

பாஸ், ட்ரெபிள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைக் குமிழ்களில் வெளியில் இருப்பதை முதலில் எடுங்கள். சின்ன லீவர் சுவிட்சுகளின் தொப்பிகள் 50 வயதான பிளாஸ்டிக். தகடு அவற்றோடு சேர்ந்தே வெளியே வருமென்றால் தொடாமல் விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் முகப்பைப் படமாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு குமிழையும் அதனதன் இடத்தில் வைத்தால் பொருத்தும்போது தேட வேண்டியதில்லை.

நட்டுகளும் கண்ணாடியும்

குமிழ்களை எடுத்ததும் உள்ளே நட்டுகள் தெரியும். எல்லாவற்றையும் கழற்றும் ஆசை வரும். பொறுங்கள். பல செட்டுகளில் அந்த நட்டுகள் கண்ட்ரோல்களை உள்தகட்டில் பிடித்துவைத்திருப்பவை, முகப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. முகப்பை மேலும் கீழும் சில திருகுகள் பிடித்திருக்கும், கூடவே ஹெட்ஃபோன் துளையின் வட்ட நட்டும் பிடித்திருக்கலாம். மேல் கீழ்த் திருகுகளை முதலில் எடுத்து, லேசாக அசைத்து, எங்கே பிடிக்கிறது என்று பார்த்து அதை மட்டும் கழற்றுங்கள்.

நட்டு கழற்றும்போது சாக்கெட் வழுக்கினால் தகட்டில் பிறைவடிவக் கீறல் விழும். அதற்காக மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் ஒட்டினேன். டேப்பை உரித்தபோது, அச்சிட்டிருந்த எழுத்துகளில் பாதி அதோடு வந்துவிட்டது. இந்த எழுத்துகள் தகட்டின்மேல் மையால் அச்சிட்டவை. அரை நூற்றாண்டு காய்ந்த மை எப்போது கையை விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது பழைய எக்ஸ்ரே படம் ஒன்றில் துளை வெட்டி, நட்டைச் சுற்றி வைத்துக்கொள்கிறேன். ஒட்டவும் ஒட்டாது, கீறலும் விழாது.

டயல் கண்ணாடிதான் அடுத்த கவலை. அது தகட்டோடு ஒட்டியிருந்தாலோ கிளிப்பில் இருந்தாலோ, மடங்கிய தகடு அதை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டை இழுக்கிற வேகத்தில் கண்ணாடி விரிசல் விடலாம். முடிந்தால் கண்ணாடியை முதலில் விடுவியுங்கள். பிறகு தகட்டை இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தில் பிடித்து, சமமாக முன்னால் கொண்டு வாருங்கள். பின்னால் விளக்கு வயர் ஏதும் வருகிறதா என்று ஒரு விரல் அளவு வந்ததும் எட்டிப் பாருங்கள். டியூனிங் முள்ளை இழுக்கும் நூல் அங்கேதான் ஓடுகிறது. அதைத் தொட்டுவிட்டால் இன்னொரு நாள் போய்விடும்.

எங்கே மடங்கியது?

தகடு கையில் வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். கண் மூலைக்குப் போகும், கையும் மூலைக்கே போகும். ஆனால் மூலை வெறும் நுனி. அது இடம் மாறியிருக்கிறதே தவிர, பல நேரம் அது நேராகத்தான் இருக்கிறது. மடிப்பு விழுந்தது அதற்கு 5, 6 சென்டிமீட்டர் உள்ளே, குமிழ்த் துளையோ சுவிட்ச் துளையோ இருக்கும் பலவீனமான இடத்தில். நுனியைப் பிடித்து வளைத்தால் மடிப்பு அங்கேயே இருக்க, புதிதாக இன்னொரு வளைவு விழும். அப்புறம் தகடு பாம்பு மாதிரி ஆகிவிடும்.

30 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலைத் தகட்டின் முன்பக்கத்தில், நல்ல பகுதியோடு ஒட்டி நிறுத்திவைத்து, அந்தப் பக்கம் விளக்கு வையுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் எங்கே தொடங்குகிறதோ, அதற்கு நேர் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் கோடு முழுதாகக் கிடைக்கும். மூலை மடிப்பில் அது பெரும்பாலும் சாய்ந்த கோடாக இருக்கும். நுனியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொள்ளுங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையா? சாதாரண பிரிண்டர் தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் கனம். ஐந்து தாள் நுழைந்தால் அரை மில்லிமீட்டர். தம்பியின் தகட்டில் நுனி 6 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது.

தகட்டோடு நிறுத்தாமல் செட்டையும் பாருங்கள். முகப்புக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய இரும்புச் சட்டமும் கூடவே மடங்கியிருக்கும், கிட்டத்தட்ட எப்போதும். அதை நிமிர்த்தாமல் தகட்டை மட்டும் நேராக்கினால் திருகுத் துளைகள் சேராது. சேராததைத் திருகி இழுத்தால் தகடு பழையபடி மடங்கும். சட்டம் இரும்பு, கண்ணுக்குத் தெரியாத இடம். மரக்கட்டையும் குறடும் வைத்துத் தாராளமாக நிமிர்த்தலாம்.

அமுக்குவது

அலுமினியத்தைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, இரும்போடு ஒப்பிட்டால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி எழும். இரண்டு, முன்னும் பின்னும் வளைக்க வளைக்க அது கடினமாகி, கடைசியில் விரிசல் விடும். ஆகவே ஒரே திசையில் ஒரே பயணம், தாண்டிப்போய்த் திரும்பி வரக் கூடாது. மூன்று, சூடு காட்டி இளக்கலாம் என்று நினைக்காதீர்கள். அலுமினியம் உண்மையில் இளகுவதற்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு வெகு முன்னாலேயே எழுத்தும் நிறமும் போய்விடும், மேல்தோலும் வெடித்துவிடும். ஹேர் டிரையர் சூட்டால் ஒரு பயனும் இல்லை.

கட்டைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரப் பலகை, இதற்கு நல்லது. பழைய மேசையோ கட்டிலோ உடைந்தால் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டி ஓய்ந்த மரம்தான் அப்படி மேசை நாற்காலியாகிறது. அழுத்தம் தாங்கும் அளவுக்குக் கெட்டி, இழைக்கவும் எளிது. ஓரங்களை உப்புத்தாளால் உருட்டிவிட்டு, தகடு படும் பக்கம் கம்பளித் துணியோ பழைய சைக்கிள் டியூபோ ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தால் போதும், அமுக்கும்போது முகப்பில் பதிந்துவிடும்.

இனி அமைப்பு. தகட்டை முகம் கீழாகப் படுக்க வையுங்கள். மூலை உள்பக்கம் மடங்கியதால் இப்போது அது மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கும். தகட்டின் நல்ல பகுதிக்கு அடியில் ஒரு பலகை, மேலே ஒரு பலகை. இரண்டின் ஓரமும் நீங்கள் வரைந்த பென்சில் கோட்டில் சரியாக முடிய வேண்டும். கோடு சாய்வாக இருந்தால் பலகையையும் சாய்வாக அறுங்கள். இரண்டு ஜி-கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். இப்போது மடங்கிய மூலை மட்டும் பலகைக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும்.

மூலைக்கு நேர் கீழே ஒரு தடுப்பு வேண்டும். கொஞ்சம் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பழைய கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கி, அடிப்பலகையின் உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவாருங்கள். எல்லார் வீட்டிலும் ஒரு டிராயர் நிறைய இருக்கும். மேலே ஒரு துணி. இந்தத் தடுப்பு இருக்கும்வரை எவ்வளவு அமுக்கினாலும் மூலை அதற்குக் கீழே போகாது. பழக்கமில்லாத கைக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

மூலையின் மேல் ஒரு சின்னக் கட்டையை வைத்து, மூன்றாவது கிளாம்ப்பை மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்று, நிறுத்தம். இன்னொரு கால் சுற்று, நிறுத்தம். தம்பியின் தகடு தடுப்பைத் தொட்டதும் கிளாம்ப்பைத் தளர்த்தினோம். எழுந்து 1.5 மில்லிமீட்டரில் நின்றது. இரண்டு பத்திரிகைகளை உருவினேன், தடுப்பு சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கியது. மறுபடி அமுக்கி விட்டால் 0.6. இன்னும் ஒரு பத்திரிகையை உருவினேன். 0.3.

"இன்னொன்னு உருவலாமாண்ணே?"

"போதும். மூணு தாள் கனம். திருகு போட்டா அதுவே உக்காந்துக்கும்."

அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும் ஒருகாலத்தில் வந்ததில்லை. அந்த 0.3ஐத் துரத்திப் போய், ஒரு துளையின் ஓரத்தில் விரிசல் விடவைத்து, தகட்டையே குப்பையில் போட்டிருக்கிறேன்.

தகட்டுக்கு மேலும் கீழும் உதடு மாதிரி மடிந்த விளிம்பு இருந்தால் முதலில் அந்த விளிம்பை நேராக்குங்கள், இல்லாவிட்டால் அது தகட்டை நிமிர விடாது. மூலை மடங்காமல் தகடு முழுவதும் வில்லாக வளைந்திருந்தால், இரண்டு ஓரத்தில் இரண்டு கட்டைகளை வைத்து நடுவில் அமுக்க வேண்டும். குழி விழுந்திருந்தால், என் பேச்சைக் கேட்டு விட்டுவிடுங்கள். குழியைத் தட்டி எடுத்த இடம் குழியைவிட மோசமாகத் தெரியும்.

வெள்ளை ரேகைகள்

நிமிர்ந்த பிறகு மடிப்பு இருந்த கோட்டில் மெல்லிய மயிரிழை ரேகைகள் தெரியலாம், கறுப்பு முகப்பில் இன்னும் பளிச்சென்று. அலுமினியத்தின் மேல் அனோடைஸ் என்று ஒரு ஆக்சைடு தோல் ஏற்றியிருக்கிறார்கள். மிக மெல்லியது, ஆனால் உலோகத்தைவிட வெகு கடினம். அதனால் வளையத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். முதலில் மடங்கியபோதே வெடித்துவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தோல் போய், அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கும்.

துடைப்பதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. தகட்டில் கோடுகள் ஓடும் திசையில் மட்டும் துடையுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் ஒற்றி எடுத்தால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவமும் ஸ்பிரிட்டும் எழுத்தைக் கரைக்கக்கூடும். ஒருவர் வீட்டில் அம்மா நல்லெண்ணத்தோடு புளி போட்டுத் தேய்த்துவைத்திருந்தார்கள். குத்துவிளக்குக்குப் பொருத்தம்தான், ஆனால் புளியின் அமிலம் அலுமினியத்தை மங்கவைத்துவிடும்.

திரும்பப் பொருத்துவது

எல்லாத் திருகுகளையும் முதலில் பாதி மட்டும் போடுங்கள். எல்லாம் தன் துளையில் உட்கார்ந்த பிறகு நடுவிலிருந்து தொடங்கி, நிமிர்த்திய மூலையைக் கடைசியாக இறுக்குங்கள். ஹெட்ஃபோன் நட்டைக் கையால் திருகிவிட்டு, கருவியால் கால் சுற்று, அவ்வளவுதான். குமிழைத் தகட்டில் ஒட்ட அடிக்காமல் 1 மில்லிமீட்டர் இடம் விட்டு வையுங்கள். வைத்ததும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்காவது உரசினால் தண்டும் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் வோல்ட் எவ்வளவு என்று படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட். நம் பிளக்கில் செருகினால் நிமிர்த்திய முகப்பு மட்டும்தான் மிஞ்சும். விழுந்த செட் என்பதால் நான் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கட்டி, மின்சாரம் அதன் வழியாகவே செட்டுக்குப் போகும்படி செய்துதான் முதலில் போடுவேன். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள்.

தம்பியின் செட்டில் பல்பு மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்டோம், டயல் விளக்கு எரிந்தது. முள்ளை நகர்த்தி மின்னல் பண்பலையைப் பிடித்தார். மூலையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார், 0.3 இன்னும் மனசில் இருந்திருக்கும். கிளம்பும்போது பெட்டியைக் காரின் பின்சீட்டில் முகப்பு வெளியே பார்க்க வைத்தார். கதவைத் திறந்து, முகப்பு சீட்டின் முதுகைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அடைத்து அனுப்பினேன்.